லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் கட்டளைகள், மாறிகள், ஃபோல்டர் பெயர்கள் எல்லாவற்றையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது உரிய ஆங்கில எழுத்துகளையே இடுங்கள். ப்ரோட்டான், வைன், டிஆர்ஐ என்று தொடங்கும் மாறிகள் முழுக்கப் பெரிய எழுத்தில் வர வேண்டும். சதவீதக் குறிகளுக்கு நடுவில் உள்ள ‘கமாண்ட்’ சிறிய எழுத்தில் வர வேண்டும்.

வைன், ப்ரோட்டான், டிஎக்ஸ்விகே: எது என்ன வேலை செய்கிறது?

வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸ் நிரல் ஒன்று ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தச் சாளரத்தை வரை’ என்று கேட்கும்போது, அதே வேலையை லினக்ஸ் வழியில் செய்து கொடுப்பது வைன். இது எமுலேட்டர் அல்ல. கேமின் ப்ராசசர் கட்டளைகள் நேரடியாக உங்கள் ப்ராசசரிலேயே ஓடுகின்றன. வேகம் பெரிதாகக் குறையாததற்குக் காரணம் இதுதான்.

கிராஃபிக்ஸ் தனிக் கதை. கேம் பேசுவது டைரக்ட்3டி என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் மொழி. லினக்ஸ் டிரைவருக்குப் புரிவது வல்கன் என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் மொழி. டைரக்ட்3டி 8 முதல் 11 வரை வல்கனுக்கு மாற்றித் தருவது டிஎக்ஸ்விகே. டைரக்ட்3டி 12-ஐ மாற்றுவது விகேடி3டி-ப்ரோட்டான். இத்தகைய கருவிகளை வைனோடு சேர்த்துக் கட்டி வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்ட் முதல் வெளியிட்டுவரும் தொகுப்புதான் ப்ரோட்டான்.

இன்னொரு சொல் அடிக்கடி வரும்: ப்ரிஃபிக்ஸ். ஒரு கேமுக்கென்று உருவாக்கப்படும் போலி சி டிரைவும் ரெஜிஸ்ட்ரியும் (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு) அடங்கிய ஃபோல்டர் அது. வால்வின் கேம் கடையான ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் தனி ப்ரிஃபிக்ஸ் உண்டு.

இந்த அடுக்குகள் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. டிஎல்எல் (நிரலுக்கு வேண்டிய விண்டோஸ் நூலகக் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால் ப்ரிஃபிக்ஸைப் பாருங்கள். திரை கறுப்பாகி கேம் விழுந்தால் முதல் சந்தேகம் வல்கன் டிரைவர் மேல். ஆன்லைனில் நுழைந்ததும் வெளியே தள்ளினால் அது ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல். அங்கே நீங்கள் எதை மாற்றினாலும் பெரும்பாலும் பயனில்லை.

கேமை நிறுவும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

டிரைவரை. டெர்மினலில் ‘வல்கன்இன்ஃபோ --சம்மரி’ ஓட்டுங்கள். வரும் பட்டியலில் உங்கள் கார்டின் பெயர் இருக்க வேண்டும். ‘எல்எல்விஎம்பைப்’ மட்டும் இருந்தால், படம் வரையும் வேலையை ப்ராசசரே செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எந்த ப்ரோட்டானைப் போட்டாலும் நொடிக்கு இரண்டு மூன்று ஃப்ரேம்தான் வரும்.

என்விடியா கார்டில் இப்படி ஆனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பிக்கப்பட்டபோது டிரைவர் மாட்யூல் அதற்கேற்ப மறுபடி கட்டப்படவில்லை. செக்யூர் பூட் (கையொப்பமிட்டதை மட்டுமே ஏற்கும் பாதுகாப்பு வசதி) இயக்கத்தில் இருந்தால், மாட்யூல் கட்டப்பட்டும் கையொப்பம் இல்லாததால் கர்னல் அதை ஏற்காமல் போகலாம். ‘எல்எஸ்மாட்’ கட்டளையின் வெளியீட்டில் என்விடியா என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் பாக்கேஜை மறுநிறுவல் செய்யுங்கள். செக்யூர் பூட் காரணமென்றால் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யுங்கள், அல்லது பயாஸில் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்து வல்கன் பதிப்பு. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். அதற்கு, ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு மேசா (திறந்தமூல கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) 22.0-வும், என்விடியாவுக்கு 510 வரிசை டிரைவரும் குறைந்தபட்சம் தேவை.

மூன்றாவது, பலரும் மறப்பது: 32-பிட் நூலகங்கள். பழைய கேம்களில் பெரும்பாலானவை 32-பிட். புது கேம்கள் ஓடி, பழையவை மட்டும் திறந்த உடனே மூடிக்கொண்டால் டிரைவரின் 32-பிட் பகுதி நிறுவப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டெபியன், உபுன்டுவில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்த பிறகும், ஆர்ச்சில் மல்டிலிப் களஞ்சியத்தைத் திறந்த பிறகும் அந்தப் பாக்கேஜ்கள் கிடைக்கும்.

என் கார்டு பழையது. வாய்ப்பு இருக்கிறதா?

கார்டைப் பொறுத்தது.

என்விடியாவின் கெப்லர் கார்டுகளுக்கு (ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலானவை) கடைசி டிரைவர் 470 வரிசை. அதில் வல்கன் 1.2 வரைதான். ப்ரோட்டான் 8-லிருந்து வல்கன் 1.3 கேட்கும் என்பதால், ப்ரோட்டான் 7.0-ஐயே தேர்ந்தெடுங்கள். ஸ்டீமுக்கு வெளியே என்றால் டிஎக்ஸ்விகே 1.10.3.

ஏஎம்டியின் எச்டி 7000 காலத்துக் கார்டுகளில் ஒரு பொறி உண்டு. பழைய கர்னல்கள் இவற்றுக்கு ‘ரேடியான்’ டிரைவரைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். அதில் வல்கனே கிடையாது. ‘ஏஎம்டிஜிபியூ’ டிரைவருக்கு மாற்ற, கர்னல் பூட் வரியில் ‘ரேடியான்.எஸ்ஐ_சப்போர்ட்=0 ஏஎம்டிஜிபியூ.எஸ்ஐ_சப்போர்ட்=1’ சேர்க்க வேண்டும். ஏஎம்டியின் ஜிசிஎன் வடிவமைப்பில் இரண்டாம் தலைமுறைக் கார்டு என்றால் ‘எஸ்ஐ’ வரும் இடங்களில் ‘சிஐகே’ போடுங்கள். இதைச் செய்த பிறகு ஓடாமலிருந்த கேம்கள் ஓடும். இந்தக் கார்டுகளைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

வல்கனே இல்லாத கார்டில் ‘ப்ரோட்டான்_யூஸ்_வைன்டி3டி=1’ என்று கொடுத்தால் ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராஃபிக்ஸ் முறை வழியாக வரையும். டைரக்ட்3டி 9 காலத்துக் கேம்களுக்கு அது போதும். டைரக்ட்3டி 12 கேம்களை மறந்துவிடுங்கள்.

ஸ்டீமில் ப்ரோட்டானை எப்படி இயக்குவது?

ஸ்டீம் செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியைத் திறந்து, எல்லாக் கேம்களுக்கும் ஸ்டீம் ப்ளேவை (ப்ரோட்டானைப் பயன்படுத்தும் வசதி) இயக்கும் தேர்வு இருந்தால் அதைப் போட்டு, ஸ்டீமை மறுபடி தொடங்குங்கள். புதிய ஸ்டீமில் இது ஏற்கெனவே இயக்கத்தில்தான் இருக்கும். ஒரு கேமுக்கு மட்டும் வேறு ப்ரோட்டான் வேண்டுமென்றால், கேமின் பெயர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்கே பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த ப்ரோட்டானைப் போடுவது?

எண் போட்ட நிலையான பதிப்புகளில் புதியதில் தொடங்குங்கள். அண்மையில் வெளியான கேம் ஓடவில்லையென்றால் ப்ரோட்டான் எக்ஸ்பெரிமென்டல். வீடியோக் காட்சிகளில் சிக்கல் என்றாலோ, ஸ்டீமில் இல்லாத கேம் என்றாலோ ஜிஇ-ப்ரோட்டான். இது தன்னார்வலர் தயாரிப்பு. ப்ரோட்டான்அப்-க்யூடி என்ற சிறு கருவி அதைத் தரவிறக்கி, ஸ்டீம் ஃபோல்டருக்குள் ‘கம்பாட்டிபிலிட்டிடூல்ஸ்.டி’ என்ற இடத்தில் தானே வைத்துவிடும். ஸ்டீமை மூடித் திறந்தால்தான் பட்டியலில் தெரியும்.

ஆனால் பதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. புதிய ப்ரோட்டானில் திறந்த ப்ரிஃபிக்ஸ் அதற்கேற்ப மேம்படுத்தப்பட்டுவிடும். பிறகு பழைய பதிப்புக்கு இறங்கினால் சில நேரம் குழம்பும். இறங்குவதாக இருந்தால் சேவ் கோப்புகளை எடுத்துவைத்துவிட்டு ப்ரிஃபிக்ஸை நீக்கிப் புதிதாகத் தொடங்குங்கள். மற்றது டெனூவோ. இந்தத் திருட்டுத் தடுப்பு முறை கொண்ட கேம்களில், ஒவ்வொரு ப்ரோட்டான் மாற்றமும் ‘வேறு கணினி’ என்று கணக்கிடப்படலாம். ஒரே நாளில் நான்கைந்து முறை மாற்றினால், காசு கொடுத்து வாங்கிய கேமே ஒரு நாள் பூட்டிக்கொள்ளும்.

கதைக் காட்சி வரும் இடத்தில் டிவி சோதனைப் படம்போல வண்ணக் கோடுகள் வருகின்றன. ஏன்?

அந்த வீடியோவின் கோடெக் (சுருக்கும் முறை) காப்புரிமைக்கு உட்பட்டது என்பதால் ப்ரோட்டானில் அதற்கான டிகோடர் இல்லை. வால்வ் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி, ஷேடர் ப்ரீ-கேஷிங் (படம் வரையும் சிறு நிரல்களான ஷேடர்களை முன்கூட்டியே பெறும் வசதி) தரவிறக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறது. தரவிறக்க அளவு குறையட்டும் என்று ப்ரீ-கேஷிங்கை அணைத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அதை மறுபடி இயக்கி, தரவிறக்கம் முடிந்த பிறகு கேமைத் திறந்து பாருங்கள். அப்படியும் வந்தால் ஜிஇ-ப்ரோட்டான்.

எபிக், ஜிஓஜி கேம்கள்? என்னிடம் வெறும் செட்டப் கோப்புதான் இருக்கிறது என்றால்?

எபிக், ஜிஓஜி, அமேசான் மூன்றுக்கும் ஹீரோயிக் லாஞ்சர் போதும். உள்நுழைந்து நிறுவினால் வேலை முடிந்தது. மற்ற கடைகளின் லாஞ்சர்களுக்கு லூட்ரிஸில் ஆயத்த நிறுவல் வரிகள் உண்டு. பாட்டில்ஸும் நல்ல கருவிதான். கேம் அல்லாத மென்பொருள்களுக்கு அது கூடுதல் வசதி.

செட்டப் கோப்பை ஸ்டீம் வழியாகவே ஓட்டவும் முடியும். ‘ஆட் எ நான்-ஸ்டீம் கேம்’ மூலம் செட்டப் கோப்பைச் சேர்த்து, கம்பாட்டிபிலிட்டியில் ப்ரோட்டானைத் தேர்ந்தெடுத்து, நிறுவி முடியுங்கள். இதற்குப் பிறகுதான் பலர் தவறுகிறார்கள்: நிறுவிய கேமைப் புதிய பதிவாகச் சேர்க்கிறார்கள். புதிய பதிவுக்குப் புதிய ப்ரிஃபிக்ஸ் உருவாகும்; நிறுவலின்போது எழுதிய ரெஜிஸ்ட்ரி விவரங்கள் பழையதிலேயே தங்கிவிடும். அதனால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அதே பதிவின் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட், ஸ்டார்ட் இன் இரண்டையும் மட்டும் நிறுவப்பட்ட கேமின் கோப்பைச் சுட்டும்படி திருத்துங்கள். அந்தக் கோப்பு ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டரில் ‘கம்பாட்டேட்டா’வுக்குள், அந்தப் பதிவுக்குரிய எண்ணின் கீழ், ‘பிஎஃப்எக்ஸ்’, ‘டிரைவ்_சி’ என்று போனால் கிடைக்கும்.

விண்டோஸ் பார்ட்டிஷனில் இருக்கும் கேம்களை அப்படியே லினக்ஸில் பயன்படுத்தலாமா?

முடியும், ஆனால் பரிந்துரைக்க மாட்டோம். ப்ரிஃபிக்ஸுக்குள் ‘சி:’ என்ற பெயரில் ஒரு இணைப்புக் கோப்பு உருவாக வேண்டும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்-இல் முக்காற்புள்ளி உள்ள பெயரை விண்டோஸ் ஏற்காது. கோப்பு முறைமை பழுதானதாக எண்ணி அது திருத்தக் கிளம்பிவிடும். மறுபக்கம், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் அந்த பார்ட்டிஷன் முழுதாக மூடப்படாது. லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும். ‘ப்ளே’ அழுத்தியதும் பொத்தான் ஒரு நொடி மாறி மறுபடி பழையபடி ஆவது இதன் அடையாளம்.

வட்டில் இடமிருந்தால் ஈஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸ் கோப்பு முறைமைகள்) பார்ட்டிஷனுக்குக் கேமை நகலெடுத்து, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மறுபடி தரவிறக்க வேண்டியிராது. இடமே இல்லையென்றால் ‘கம்பாட்டேட்டா’ ஃபோல்டரை மட்டுமாவது லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் சிம்லிங்க் (இணைப்புக் கோப்பு) போடுங்கள்.

ஸ்டீமை ஃப்ளாட்பேக்காக (மற்ற கோப்புகளை அணுகாதபடி அடைத்து வைக்கும் பாக்கேஜ் வடிவம்) நிறுவியவர்களுக்கு இரண்டாவது வட்டு கண்ணிலேயே படாது. ஃப்ளாட்சீல் என்ற அனுமதிக் கருவியில் அந்தப் பாதைக்கு அனுமதி கொடுங்கள்.

கேம் ஓடுகிறது, ஆன்லைனில் மட்டும் விடமாட்டேன் என்கிறது. வழி உண்டா?

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் ப்ரோட்டானில் இயங்கும் திறன் பெற்றவை. ஆனால் ஒவ்வொரு கேமிலும் அதை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வது கேமை உருவாக்கியவர்கள். ஒரே ஆன்டி-சீட் உள்ள இரண்டு கேம்களில் ஒன்று ஓடி மற்றது ஓடாமலிருப்பது இதனால்தான். ஃபோர்ட்நைட் அனுமதிக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடிவிட்டார்கள்.

வேலொரன்ட்டின் வான்கார்டு வேறு வகை. விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே டிரைவராக உட்காரக்கூடியது. வைனில் விண்டோஸ் கர்னல் என்று ஒன்று இல்லை. உட்கார இடமே இல்லாததால் எந்தப் பதிப்பிலும் இது ஓடாது.

அனுமதி உள்ள கேமிலும் சிக்கல் வந்தால், ஸ்டீம் லைப்ரரியில் டூல்ஸ் பிரிவில் ‘ப்ரோட்டான் ஈஸிஆன்டிசீட் ரன்டைம்’ அல்லது ‘ப்ரோட்டான் பேட்டில்ஐ ரன்டைம்’ நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘இப்படிச் செய்தால் ஏமாற்றி நுழையலாம்’ என்ற வழிகள் இணையத்தில் உலவும். கணக்கு நிரந்தரமாகத் தடைபடும், தொடாதீர்கள்.

‘ப்ளே’ அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், பயனர்கள் தங்கள் அனுபவத்தைப் பதியும் ப்ரோட்டான்டிபி தளத்தில் அந்தக் கேமைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற மொத்த மதிப்பெண்ணை விட, உங்கள் வகைக் கார்டு வைத்திருப்பவர்கள் கடைசி சில மாதங்களில் எழுதியதுதான் உதவும். மூன்று ஆண்டுக்கு முந்தைய திருத்தங்களை அப்படியே ஒட்டினால், இன்று சரியாக ஓடும் கேமும் கெடும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் லாக் எடுங்கள். கேமின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள லாஞ்ச் ஆப்ஷன்ஸில் இதைப் போடுங்கள்:

ப்ரோட்டான்_லாக்=1 %கமாண்ட்%

கேமை ஒருமுறை ஓட்டியதும் ஹோம் ஃபோல்டரில் ‘ஸ்டீம்-’ என்று தொடங்கி, கேமின் எண்ணோடு ஒரு கோப்பு உருவாகும். அதில் ஆயிரக்கணக்கில் ‘ஃபிக்ஸ்மீ’ வரிகள் இருக்கும். அவை வைன் டெவலப்பர்களுக்கான குறிப்புகள், பயப்பட வேண்டாம். ‘எர்ர்:’ உள்ள வரிகளைக் கோப்பின் அடியிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். ‘இம்போர்ட்_டிஎல்எல்’ என்ற சொல்லோடு ஒரு டிஎல்எல் பெயரும் ‘நாட் ஃபவுண்ட்’ என்பதும் வந்தால், அந்தக் கோப்பு ப்ரிஃபிக்ஸில் இல்லை. பெயர் எம்எஸ்விசிபி140 போல இருந்தால் தேவை விஷுவல் சி++ தொகுப்பு: ப்ரிஃபிக்ஸில் விண்டோஸ் கோப்புகளை நிறுவித் தரும் ப்ரோட்டான்ட்ரிக்ஸ் கருவியைத் திறந்து, கேமைத் தேர்ந்தெடுத்து, ‘விசிரன்2022’ நிறுவுங்கள். டி3டிகம்பைலர்_47 என்றால் அதே பெயரில் அங்கே கிடைக்கும். வல்கன் சம்பந்தப்பட்ட எர்ரர் என்றால் டிரைவர் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

ஒன்று முக்கியம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ப்ரோட்டான்ட்ரிக்ஸில் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுவி ப்ரிஃபிக்ஸைக் கெடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. குறிப்பாக டாட்நெட்டை (மைக்ரோசாஃப்டின் நூலகத் தொகுப்பு) லாக் கேட்காமல் நிறுவாதீர்கள். டிஎக்ஸ்விகேவை அங்கிருந்து நிறுவவே வேண்டாம்; ப்ரோட்டானில் ஏற்கெனவே இருக்கிறது.

சராசரி வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் அவ்வப்போது தடுக்குகிறது.

புதிய இடத்துக்குள் முதல்முறை நுழையும்போது மட்டும் தடுக்கினால், ஷேடர்கள் அப்போதுதான் கார்டுக்கேற்ப மாற்றப்படுகின்றன. இரண்டாம் முறை வராது. டிஎக்ஸ்விகே 2.0-வும், கிராஃபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி என்ற வசதியை ஆதரிக்கும் டிரைவரும் சேர்ந்தால் இது பெருமளவு குறையும். ஏஎம்டிக்கு மேசா 23.1 முதல் அது இயல்பாகவே இயக்கத்தில் உண்டு.

எப்போதும் சீராக இல்லாமல், ப்ராசசர் மேல் சுமை ஏறும்போதெல்லாம் தடுக்கினால் த்ரெட் ஒத்திசைவு பக்கம் பாருங்கள். ப்ரோட்டானின் ஒத்திசைவு முறையான எஃப்சிங்க் வேலை செய்ய கர்னல் 5.16 அல்லது அதற்கு மேல் தேவை. அதற்கு அடுத்த தலைமுறையான என்டிசிங்க் கர்னல் 6.14-இல் முழுமையாக வந்தது. எஃப்சிங்கிலேயே நன்றாக ஓடும் கேமில் இதனால் பெரிய வேறுபாடு தெரியாது.

அரை மணி நேரம் ஓடிவிட்டு, பெரிய வரைபடம் ஏற்றும்போது விழுகிறது.

நினைவகம் நிறைய இருந்தும் இப்படி ஆனால் ‘விஎம்.மேக்ஸ்_மேப்_கவுண்ட்’ என்ற கர்னல் வரம்பைப் பாருங்கள். பழைய இயல்பு மதிப்பு 65530. புதிய பெரிய கேம்களுக்கு இது போதாது. ஃபெடோரா 39, உபுன்டு 24.04 ஆகியவற்றிலிருந்து 1048576 ஆக உயர்த்திவிட்டார்கள். உங்களுடையது பழையதென்றால் சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பில் அந்த மதிப்பை எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள்.

மடிக்கணினியில் இரண்டு கார்டு. கேம் எதில் ஓடுகிறது என்று எப்படி அறிவது?

மேங்கோஹட் நிறுவி, லாஞ்ச் ஆப்ஷன்ஸில் ‘மேங்கோஹட் %கமாண்ட்%’ என்று போடுங்கள். திரையின் மூலையில் ஃப்ரேம் வேகமும் கார்டின் சுமையும் வரும். கார்டின் பெயரைக் காட்டவும் அதில் அமைப்பு உண்டு. பெரும்பாலும் டிஎக்ஸ்விகே வலுவான கார்டையே எடுத்துக்கொள்ளும். எடுக்கவில்லையென்றால் மேசா டிரைவர்களில் ‘டிஆர்ஐ_ப்ரைம்=1’; என்விடியாவில் ‘ப்ரைம்-ரன் %கமாண்ட்%’.

என்விடியாவில் டைரக்ட்3டி 12 கேம்கள் விண்டோஸை விடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாக ஓடினால் உங்கள் அமைப்பில் தவறில்லை. டிரைவர் பக்கத்தில் அறியப்பட்ட குறை அது. கேமில் டைரக்ட்3டி 11 தேர்வு இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

ஆல்ட்-டேப் செய்தால் திரை கறுக்கிறது, அல்லது தெளிவுத்திறன் தவறாக வருகிறது.

கேமை கேம்ஸ்கோப் உள்ளே ஓட்டுங்கள். கேம் தனக்கென ஒரு தனித்திரை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். முழுத்திரைக்கு: கேம்ஸ்கோப் -டபிள்யூ 1920 -எச் 1080 -எஃப் -- %கமாண்ட்%. இதில் டபிள்யூவும் எச்சும் பெரிய எழுத்து, எஃப் சிறியது.

மாட் (கேமை மாற்றும் ரசிகர் தயாரிப்பு) நிறுவினேன், கேம் கண்டுகொள்ளவில்லை.

பல மாட்கள் டிஇன்புட்8 போன்ற டிஎல்எல் ஒன்றைக் கேம் ஃபோல்டரில் வைக்கும். வைன் தன்னிடமுள்ள அதே பெயர்க் கோப்பை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும். லாஞ்ச் ஆப்ஷன்ஸில் ‘வைன்டிஎல்எல்ஓவர்ரைட்ஸ்="டிஇன்புட்8=என்,பி" %கமாண்ட்%’ என்று கொடுத்தால் கேம் ஃபோல்டரில் இருப்பது முதலில் வரும். இதில் ‘என்’ நேட்டிவ், ‘பி’ பில்ட்-இன் என்பவற்றின் முதல் எழுத்துகள்; இரண்டும் சிறிய எழுத்து.

சேவ் கோப்புகள் எங்கே?

ப்ரிஃபிக்ஸுக்குள் ‘டிரைவ்_சி’, ‘யூசர்ஸ்’, ‘ஸ்டீம்யூசர்’ என்று போனால் டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா எல்லாம் விண்டோஸில் உள்ளபடியே இருக்கும். ‘ப்ரிஃபிக்ஸை நீக்கிப் பாருங்கள்’ என்ற அறிவுரையைப் பின்பற்றும் முன் இந்த ஃபோல்டரை நகலெடுங்கள். கிளவுட் சேவ் இல்லாத கேமில் நீக்கியது நீக்கியதுதான்.

லினக்ஸுக்கென்றே வெளியான பதிப்பு இருந்தால் ப்ரோட்டான் எதற்கு?

சில லினக்ஸ் பதிப்புகள் வெளியானதோடு கைவிடப்பட்டவை. விண்டோஸ் பதிப்பு பல திருத்தங்கள் முன்னே போயிருக்கும், மல்டிப்ளேயர் சேராது. அத்தகைய கேமில் ப்ரோட்டானைக் கட்டாயப்படுத்துவதே மேல். இரண்டின் சேவ் இடங்களும் வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிடியில் வந்த பழைய கேம்கள்?

சேஃப்டிஸ்க் போன்ற வட்டுப் பூட்டு உள்ளவை பெரும்பாலும் ஓடாது. அவற்றுக்கு விண்டோஸ் கர்னல் டிரைவர் தேவை. விண்டோஸ் 10-இலேயே அது நிறுத்தப்பட்டுவிட்டது. அதே கேமின் ஜிஓஜி பதிப்பு பூட்டில்லாமல் வரும். பூட்டு இல்லாத பழைய டைரக்ட்டிரா (டைரக்ட்3டிக்கு முந்தைய இருபரிமாண வரைதல் முறை) கேம்களில் நிறம் மாறினாலோ மெனு தெரியாமல் போனாலோ, சிஎன்சி-டிடிரா என்ற மாற்று டிஎல்எல் கோப்பைக் கேம் ஃபோல்டரில் வைத்து, மாட் கேள்வியில் சொன்னபடி ‘டிடிரா’வுக்கு ஓவர்ரைட் கொடுங்கள்.

விண்டோஸ் வைரஸ் இதில் ஓடுமா?

ஓடக்கூடும். ப்ரிஃபிக்ஸ் பாதுகாப்பு வேலி அல்ல. ‘இசட்:’ டிரைவ் வழியாக உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதும் அதற்குத் தெரியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் ஒன்று வைனில் ஓடினால் உங்கள் படங்களும் ஆவணங்களும் போகலாம். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த செட்டப் கோப்பை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், ஃப்ளாட்பேக் வடிவிலுள்ள பாட்டில்ஸில், ஹோம் ஃபோல்டருக்கு அனுமதி தராமல் ஓட்டுங்கள். வைனை ரூட் பயனராக எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டாதீர்கள்.